ஒரு நாணயமும் அரைத்துளித் தண்ணீரும்

ஆனி மாதம் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் கொடி ஏறிவிட்டால் எங்கள் புங்குடுதீவு ரோட்டுக்கு நித்திரை கிடையாது. யாழ்ப்பாணத்தில் இருந்து பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை கடந்து, வாணர் பாலத்தில் இரண்டு பக்கமும் கடலைப் பார்த்தபடி பஸ்கள் வந்துகொண்டே இருக்கும். மடத்துவெளியில் ஏறி, தீவைக் குறுக்கே கடந்து, குறிகட்டுவான் துறையில் ஆட்களை இறக்கும். படகுக்கு வரிசை நீளும். வரிசை நீளும் இடத்தில் கச்சான் கடையும் இருக்கும்.

நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது அங்கே ஒரு ஆச்சி கடை போட்டிருப்பார். பெரிய தாச்சி, அதில் அரைவாசிக்குச் சுடுமணல், கையில் நீட்டு அகப்பை. கச்சான் வறுத்து முடிந்ததும் அதே மணலில் ஒரு கை சோளன் மணியைப் போடுவார். முதலில் ஒன்றும் நடக்காது. ஆச்சி மணலைப் பிரட்டிக்கொண்டே இருப்பார். பிறகு எங்கேயோ ஒன்று 'டப்' என்னும். இன்னொன்று. பிறகு தகரக் கூரையில் மழை விழுவது போலச் சடசடவென்று ஒரே சத்தம். மணலுக்குள் இருந்து வெள்ளைப் பூக்கள் துள்ளித் துள்ளி மேலே வரும். ஆச்சி பூவைப் பார்க்கமாட்டார். தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நிற்பார். சத்தம் ஐதாகத் தொடங்கியதும் தாச்சியைச் சட்டென்று தூக்கி அரிதட்டில் கொட்டி, மணலை அரித்துவிடுவார்.

"ஆச்சி, இறக்கிற நேரம் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"காதாலைதான் பிள்ளை. கண்ணாலை பாத்து இறக்கினா அடியிலை கிடக்கிறது கருகிப்போம்" என்றார்.

பல வருடங்கள் கழித்து, காதே இல்லாத ஒன்று இதே வேலையைச் செய்வதைப் பார்த்தேன். அன்றைக்குத்தான் ஆச்சியின் தாச்சிக்குள் எவ்வளவு அறிவியல் இருந்தது என்று எனக்கு விளங்கத் தொடங்கியது.

ரொறன்ரோவில் என் பெரியம்மாவின் மகன் இருக்கிறார். எனக்கு அண்ணை. பழைய சாமான்கள் என்றால் அவருக்கு உயிர். வீட்டின் பேஸ்மென்றில் பழைய றேடியோ, பழைய தையல் மெசின் என்று வரிசையாக வைத்திருக்கிறார். நான் அங்கே போயிருந்தபோது மூலையில் ஒரு சிவப்புப் பெட்டியைக் காட்டினார். எனாமல் பூசிய தகரம். என் நெஞ்சளவு உயரம். மேற்பாதியில் கண்ணாடி, கண்ணாடிக்குள் கவிழக்கூடிய ஒரு சின்னச் சட்டி. பக்கத்தில் நாணயம் போடுகிற ஒரு பிளவு. கீழே கடதாசிப் பையைப் பிடிக்க ஒரு மாடம். 1950களில் அமெரிக்காவில் செய்த சோளப்பொரி இயந்திரம் அது. இப்படியானவை இரண்டு விதம். ஒரு விதத்தில் முன்கூட்டியே பொரித்த பொரியை உள்ளே குவித்து, ஒரு மின்விளக்கின் சூட்டில் வைத்திருப்பார்கள். நாணயம் போட்டால் ஒரு பங்கு கீழே விழும். மற்ற விதம் நாணயம் விழுந்த பிறகுதான் பொரிக்கவே தொடங்கும். அண்ணையுடையது இரண்டாவது விதம்.

அண்ணை என் கையில் ஒரு 10 சத நாணயத்தைத் தந்தார். அமெரிக்க நாணயம். "போடு" என்றார்.

போட்டேன். உள்ளே எங்கேயோ 'கிளிங்' என்றது. ஒரு மோட்டார் முனகத் தொடங்கியது. ஒரு பிடி மணியும் கொஞ்சம் எண்ணெயும் சட்டிக்குள் விழுந்தன. பிறகு அமைதி. கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றேன். டப். டப் டப். பிறகு குறிகட்டுவானில் கேட்ட அதே மழை. மூன்று நிமிடம் ஆனதும் சட்டி தானாகவே கவிழ்ந்து பொரியைப் பைக்குள் கொட்டியது. அந்தப் பெட்டி பொரியைப் பார்க்கவில்லை, கேட்கவில்லை, மணக்கவும் இல்லை. அதற்குத் தெரிந்தது நேரம் மட்டும்.

பெட்டியைத் திறந்து பார்க்க ஆசையாக இருக்கும். கொஞ்சம் பொறுங்கள். முதலில் மணியைத் திறப்போம். வெடிக்கிற வேலையைச் செய்வது மணிதான். இயந்திரம் அதற்குச் சூடு மட்டும் கொடுக்கிறது.

பொரிக்கிற சோளன் மணி ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். (நான் சோளன் என்று சொல்வது மக்காச்சோளத்தை.) கண்ணாடி போல வழுவழுப்பான, இறுக்கமான தோல். உள்ளே பெரும்பகுதி மாப்பொருள். அந்த மாப்பொருளுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீர் கலந்திருக்கிறது. நல்ல பொரிசோளனில் 100 பங்கில் ஏறத்தாழ 14 பங்கு தண்ணீர். ஒரு மணியின் நிறை ஒரு கிராமில் ஏழில் ஒரு பங்குதான் வரும். அப்படியென்றால் அதற்குள் இருக்கும் தண்ணீர் ஏறத்தாழ 0.02 கிராம். குழாயில் இருந்து சொட்டுகிற ஒரு துளி 0.05 கிராம் இருக்கும். மணிக்குள் இருப்பது அரைத்துளிகூட இல்லை!

இந்த அரைத்துளியைச் சூடாக்கினால் என்ன நடக்கும்? சோறு கொதிக்கும்போது பானை மூடி ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் நீராவியாகும்போது அதற்கு நிறைய இடம் வேண்டும். ஒரு பங்கு தண்ணீர் முழுவதும் நீராவியானால் சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் 1,600 பங்குக்கு மேல் இடம் பிடிக்கும். பானை மூடி பாரம் குறைந்தது. அதைத் தூக்கிவிட்டு நீராவி வெளியே போய்விடும். சோளன் மணியின் தோல் விட்டுக்கொடுக்காது. வெளியே வர வழி இல்லாத நீராவி உள்ளேயே நெருக்கிக்கொண்டு நிற்கும். அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏற ஏறத் தண்ணீர் 100 பாகை செல்சியசில் கொதிக்காமல் இன்னும் இன்னும் சூடாகும். 180 பாகை வரும்போது மணிக்குள் இருக்கும் அழுத்தம் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போலப் பத்து மடங்கு. குறிகட்டுவானுக்கு வரும் பஸ்ஸின் டயரைத் தட்டிப் பாருங்கள், கல்லுப் போல இருக்கும். அதைவிட அதிகமான அழுத்தம் உங்கள் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதான ஒரு மணிக்குள் அடைபட்டிருக்கிறது.

இதற்கிடையில் மாப்பொருளும் சும்மா இருப்பதில்லை. சூடும் ஈரமும் சேர்ந்து அதைக் கூழாக்கிவிடுகின்றன. தோல் கிழியும் கணத்தில் அழுத்தம் போய்விட, கூழுக்குள் இருந்த தண்ணீர் ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் நீராவியாகிக் கூழை நுரையாக ஊதிவிடுகிறது. விரியும் நீராவி வேகமாகக் குளிரும். நுரையும் அதனோடு குளிர்ந்து அப்படியே இறுகிவிடும். பொரி என்பது இறுகிப்போன நுரை. வாயில் போட்டால் மொறுமொறு என்பது அந்த நுரைக் குமிழிகளின் மெல்லிய சுவர்கள் உடைகிற சத்தம்.

இந்த 180 என்ற எண்ணைச் சும்மா சொல்லவில்லை. 2015இல் பிரான்சைச் சேர்ந்த எமானுவெல் விறோ, அலெக்சாண்டர் பொனொமரென்கோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் மணிகளைப் படிப்படியாகச் சூடாக்கி எண்ணிப் பார்த்தார்கள். 170 பாகையில் மூன்றில் ஒரு பங்கு மணிகள்தான் பொரிந்தன. இன்னும் 10 பாகை கூட்டியதும் 100க்கு 96 பொரிந்துவிட்டன. ஆச்சியின் தாச்சியில் முதலில் அமைதி, பிறகு திடீர் மழை என்று இருந்ததன் காரணம் இதுதான். எல்லா மணிகளும் ஏறத்தாழ ஒரே வாசலில் வந்து நிற்கின்றன. வாசல் திறந்ததும் முண்டியடிக்கின்றன.

அவர்கள் வேகமாகப் படம் பிடிக்கும் கமராவில் இன்னொன்றையும் பார்த்தார்கள். எனக்கு இது மிகவும் பிடிக்கும். மணி வெடிக்கும்போது முதலில் ஒரு பக்கத்தால் மாப்பொருள் கொஞ்சம் வெளியே வருகிறது, ஒரு கால் நீட்டுவது போல. அந்தக் கால் சூடான சட்டியில் பட்டு அழுந்தி, விசை போல உதைக்கிறது. மணி காற்றில் எழும்பிக் கரணம் அடிக்கிறது. 'டப்' என்ற சத்தமோ தோல் கிழிகிற சத்தம் அல்ல. உள்ளே அடைபட்டிருந்த நீராவி திடீரென்று வெளியேறும்போது எழுகிற சத்தம். ஆச்சியின் காது கேட்டுக்கொண்டிருந்தது நீராவியை!

அப்படியென்றால் அவித்து உப்புப் போட்டுத் தின்கிற சோளன் ஏன் பூப்போலப் பொரிவதில்லை? அதன் தோல் இவ்வளவு உறுதியாக இல்லை. நீராவி மெல்லக் கசிந்து போய்விடும். வெடிப்பதற்கு வேண்டிய அழுத்தம் சேர்வதே இல்லை. நெல்லிலும் இதே கணக்குத்தான். கலியாண வீட்டில் பொரியிடுவதற்கு எடுக்கிற நெற்பொரியைப் பாருங்கள். அங்கே தோலோடு சேர்ந்து உமியும் நீராவியை அடைத்து வைக்கிறது. உமி இறுக்கமாக மூடியிருக்கிற நெல் நன்றாகப் பொரியும். உமி விலகியிருந்தால் பொரியாது.

நெல்லைப் பொரிப்பது நம்முடைய பழைய பழக்கம். சோளனோ அமெரிக்கக் கண்டங்களின் பயிர். 1492இல் கொலம்பஸ் அங்கே போன பிறகுதான் கடல் கடந்து உலகெங்கும் பரவியது. பேரு நாட்டின் கரையோரத்தில் உவாக்கா பிரியேற்றா, பரேதோனெஸ் என்ற இடங்களைத் தோண்டியபோது ஏறத்தாழ 6,700 வருடங்களுக்கு முந்திய சோளன் பொத்திகள் கிடைத்தன. அந்தக் காலத்து மக்களும் அதைப் பொரித்துத் தின்றிருக்கிறார்கள். அந்த அகழ்வாய்வில் எந்த ஆச்சியின் சட்டியும் கிடைத்ததாக நான் வாசிக்கவில்லை. ஆனால் அங்கேயும் யாரோ ஒருவர் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கத்தான் வேண்டும்.

இனித் தண்ணீருக்கு வருவோம். புங்குடுதீவுப் பிள்ளைகளுக்குத் தண்ணீரைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் தீவில் நல்ல தண்ணீர்க் கிணறு எது, உவர்க் கிணறு எது என்று நடக்கப் பழகும்போதே பழகிவிடுவோம். பெய்த மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கிற உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிடப் பாரம் குறைந்தது என்பதால்தான் மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் மேலே இருக்கிற மெல்லிய படலம் முடிந்து, உப்பு ஏறிவிடும். பிறகு தண்ணீர்ப் பவுசர் வரும் நாளைப் பார்த்துக் குடத்தோடு நிற்கவேண்டியதுதான்.

சோளன் மணியும் அப்படி ஒரு சின்னக் கிணறு. அதில் தண்ணீர் குறைந்தாலும் பிழை, கூடினாலும் பிழை. குறைந்தால் அழுத்தம் சேராது. மணி சட்டியின் அடியில் கறுத்துக் கிடக்கும். கூடினால் தோல் இளகி, அழுத்தம் முழுதாக ஏறுமுன்பே கிழிந்துவிடும்; பொரி சின்னதாக, சவ்வுப் போல இருக்கும். அண்ணை இதைக் கண்டுபிடிக்க ஒரு மாரி முழுக்கச் செலவிட்டாராம். இயந்திரம் நன்றாக ஓடுகிறது, சூடும் சரி, ஆனால் பாதி மணி பொரியவில்லை. ரொறன்ரோவில் பனிக்காலத்தில் வீட்டுக்குள் சூடேற்றி வைப்பார்கள். அந்தக் காற்று எலும்பைப் போல உலர்ந்திருக்கும். திறந்து வைத்த பையில் கிடந்த மணிகளின் தண்ணீரை அது கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிவிட்டது. இங்கே எங்கள் கடற்காற்றில் திறந்து வைத்தால் நேர்மாறாக நடக்கும். மணி ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

காய்ந்த மணிக்கு மருந்து உண்டு. ஒரு பெரிய கண்ணாடிப் போத்தலில் முக்கால்வாசிக்கு மணியைப் போட்டு, ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு, இறுக்கி மூடிக் குலுக்கி வையுங்கள். அடுத்த இரண்டு மூன்று நாட்களும் இடைக்கிடை குலுக்குங்கள். தண்ணீர் மெல்ல மணிக்குள் போய்விடும். அண்ணை அப்படிச் செய்த பிறகு இயந்திரம் பழையபடி பூப்பூவாகக் கொட்டியதாம். அவர் இயந்திரத்தில் ஒரு ஆணியைக்கூடத் தொடவில்லை. மணியைத்தான் திருத்தினார்.

தோல்தான் முக்கியம் என்று நீங்களே பார்க்க ஒரு வழி சொல்கிறேன். பெரியவர் ஒருவர் அடுப்படியில் கூட நிற்கும்போது மட்டும் செய்யுங்கள். சூடான எண்ணெயும் துள்ளுகிற மணியும் விளையாட்டுச் சாமான் அல்ல. இருபது மணி எடுத்து, பத்தைப் பெரியவரிடம் கொடுத்து ஊசியால் ஒவ்வொரு துளை போடச் சொல்லுங்கள். தோலைத் தாண்டி உள்ளே போகவேண்டும். பிறகு பத்துப் பத்தாகத் தனித்தனியே மூடிய சட்டியில் பொரித்து எண்ணுங்கள். நான் செய்தபோது துளை போட்டதில் ஒரேயொரு மணிதான் பொரிந்தது. எடுத்துப் பார்த்தேன். அதில் ஊசி தோலைக் கீறியிருந்ததே தவிர உள்ளே போகவில்லை.

சரி, மணலுக்கு என்ன வேலை? வெறும் தாச்சியில் மணியைப் போட்டால் அது தாச்சியைத் தொடுகிற இடம் ஒரு புள்ளிதான். அந்தப் புள்ளி கருகும், மற்றப் பக்கம் சூடாகியே இருக்காது. சுடுமணல் மணியை எல்லாப் பக்கமும் சுற்றிப் பிடித்துக்கொண்டு சூட்டை ஒரே சீராகக் கொடுக்கிறது. இயந்திரத்தில் மணலுக்குப் பதில் எண்ணெய். அமெரிக்கத் திரையரங்குகள் பலவற்றில் எந்த எண்ணெய் தெரியுமா? தேங்காயெண்ணெய்! சுத்திகரித்த தேங்காயெண்ணெய் 200 பாகை தாண்டும்வரை புகையாது. மணிக்கு வேண்டியது 180. எங்கள் வீட்டுச் சமையலறைப் போத்தலில் இருக்கிற அதே எண்ணெய்க் குடும்பம்தான். ரொறன்ரோக் குளிரில் அது வெண்ணெய்க்கட்டி போல உறைந்துவிடும். 24 பாகைக்குக் கீழே போனால் அதன் இயல்பு அது. அதனால் அண்ணை எண்ணெய்ப் பாத்திரத்தை இயந்திரத்தின் சூடு படும் இடத்தில் வைத்திருக்கிறார்.

சோளப்பொரி இயந்திரத்தின் கதை கச்சானில்தான் தொடங்குகிறது என்று அறிந்தபோது எனக்குக் குறிகட்டுவான் ஆச்சிதான் நினைவுக்கு வந்தார். அமெரிக்காவில் சார்ல்ஸ் கிறெட்டர்ஸ் என்று ஒருவர் இனிப்புக் கடை வைத்திருந்தார். கச்சான் வறுக்க ஒரு இயந்திரம் வாங்கினார். அது அவருக்குத் திருப்தியாக இல்லை. தானே நீராவியால் சுழலும் ஒரு வறுக்கும் இயந்திரத்தைச் செய்தார். 1885இல் அதை விற்கத் தொடங்கினார். பிறகு அதே இயந்திரத்தில் சோளனையும் எண்ணெயில் பொரிக்கும்படி மாற்றினார். 1893இல் சிக்காகோவில் நடந்த பெரிய உலகக் கண்காட்சிக்கு அதைக் கொண்டுபோனார். அதுவரை கம்பிக் கூடையில் மணியைப் போட்டு நெருப்பின் மேல் கையால் ஆட்டிப் பொரித்தவர்களுக்கு, இயந்திரம் தானாகவே பொரிப்பது பெரிய அதிசயம். அவருடைய வண்டிகளில் ஒரு சின்னக் கோமாளிப் பொம்மை இருக்கும். அது கைப்பிடியைச் சுற்றுவது போல ஆடும். கச்சான் கடையைச் சுற்றி நிற்கும் பிள்ளைகளின் மனம் அவருக்கும் தெரிந்திருக்கிறது.

பிறகு நீராவி போய் மின்சாரம் வந்தது. 1930களில் அமெரிக்காவில் வேலையில்லாமல் மக்கள் கஷ்டப்பட்ட காலத்திலும் ஒரு பை பொரி 5 சதத்துக்கோ 10 சதத்துக்கோ கிடைத்தது. விற்பதற்கு ஒரு ஆள் நிற்காமல் நாணயத்தையே வாங்கிக்கொண்டு பொரியைத் தருகிற பெட்டிகளும் வந்தன. இன்று ஒகையோ மாநிலத்தில் மேரியன் என்ற ஊரில் பழைய பொரி இயந்திரங்களுக்கென்றே வயண்டொட் பொப்கோர்ன் அருங்காட்சியகம் இருக்கிறது.

நாணயத்தை நம்பலாமா என்று பெட்டி எப்படி முடிவு செய்கிறது? இதன் முன்னோடி எகிப்தில் இருக்கிறது, அதுவும் ஒரு கோயில் வாசலில். ஏறத்தாழ 2,000 வருடங்களுக்கு முன் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த ஹீரோன் என்ற அறிஞர் தன் நூலில் ஒரு தீர்த்தப் பாத்திரத்தை விவரித்திருக்கிறார். மேலே ஒரு பிளவு. அதற்குள் நாணயத்தைப் போட்டால் அது ஒரு நெம்புகோலின் தட்டில் விழும். தட்டு தாழும், மறுமுனை உயரும், அதில் கட்டிய மூடி திறந்து தீர்த்தம் ஒழுகும். தட்டு சரிந்துகொண்டு போக நாணயம் வழுக்கி விழுந்துவிடும். நெம்புகோல் பழைய நிலைக்கு வந்து மூடியை அடைத்துவிடும். மின்சாரமும் இல்லை, மணிக்கூடும் இல்லை. ஒரு நாணயத்தின் பாரம் மட்டும். மட்டையும் நூலும் ஈர்க்கும் இருந்தால் நீங்களும் இப்படி ஒன்று செய்துவிடலாம்.

அண்ணையின் பெட்டி கொஞ்சம் கெட்டிக்காரப் பெட்டி. பிளவின் அகலமும் நீளமும் முதல் சோதனை. பெரிய நாணயம் போகாது. அடுத்து ஒரு சின்னத் தொட்டில். பாரம் குறைந்த தகரத் துண்டு அதைச் சரிக்காது, வெளியே தள்ளப்படும். மூன்றாவது காந்தம். இரும்புத் துண்டு என்றால் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். காந்தம் இன்னொரு வேலையும் செய்கிறது. வெள்ளி, செப்பு போல மின்சாரத்தை நன்றாகக் கடத்துகிற நாணயம் காந்தத்தைக் கடந்து உருளும்போது அதற்குள் சின்னச் சின்ன மின்சுழல்கள் உண்டாகி அதன் வேகத்தைக் குறைத்துவிடும். ஒவ்வொரு உலோகமும் ஒவ்வொரு அளவு வேகம் குறையும். வேகம் சரியாக இருக்கிற நாணயம் மட்டும் சரியான தூரத்தில் போய் விழும். 1965இல் அமெரிக்கா 10 சதத்தில் இருந்து வெள்ளியை எடுத்தபோது, நாட்டில் இருந்த இந்தப் பெட்டிகள் எல்லாம் ஏமாந்துவிடாமல் இருக்கவேண்டும் என்பதையும் யோசித்துத்தான் நடுவில் செப்பும் இரண்டு பக்கமும் செப்பு-நிக்கல் கலவையும் வைத்துப் புது நாணயத்தைச் செய்தார்கள். பொரிப் பெட்டிக்காக ஒரு அரசாங்கம் யோசித்திருக்கிறது!

கனடாவில் இன்று புழங்குகிற 10 சதம் உருக்கில் செய்தது. அதைப் போட்டால் அண்ணையின் பெட்டிக்குள் காந்தம் பிடித்துக்கொள்ளும். அதனால் பக்கத்தில் ஒரு பிஸ்கற் ரின் நிறைய அமெரிக்க நாணயம் வைத்திருக்கிறார். வருகிற பிள்ளைகள் ஒவ்வொன்று எடுத்துப் போடுவார்கள். பிறகு பெட்டியைத் திறந்து திரும்பவும் ரின்னில் நிரப்புவார்.

நம் நாணயங்கள் என்ன செய்யும்? வீட்டில் பழைய உண்டியல் இருந்தால் ஒரு காந்தத்தோடு உட்காருங்கள். 2005க்குப் பிறகு வந்த பித்தளை நிற 1 ரூபாய் காந்தத்தில் ஒட்டும். அது உருக்கின் மேல் பித்தளை பூசியது. 1980களில் வந்த வெள்ளை நிற 1 ரூபாய் செப்பும் நிக்கலும் கலந்தது, ஒட்டாது. உங்கள் தாத்தாவிடம் பழைய 5 சதம் இருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள். அது சதுரம்! பழைய 10 சதத்தின் விளிம்போ பூவிதழ் போல நெளிந்திருக்கும். இந்த இரண்டும் நாணயப் பெட்டிக்குள் எப்படி உருளும் என்று யோசித்துப் பார்ப்பது எனக்கு இன்றைக்கும் சந்தோசம்.

பழைய இயந்திரத்தைக் கண்டவுடன் மின்சாரத்தில் செருகக்கூடாது. பிள்ளைகள் இதை வடிவாக மனதில் வைத்துக்கொள்ளவேண்டும். அந்தக் காலத்துச் சூடாக்கும் கம்பிகளைச் சுற்றி அஸ்பெஸ்ரஸ் நூல் சுற்றியிருக்கலாம். அதன் தூசு நுரையீரலுக்குக் கெடுதி. பழைய பூச்சிலும் பற்றுவைப்பிலும் ஈயம் இருக்கலாம். அண்ணை முதலில் மின்வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு கம்பிகள் எல்லாவற்றையும் மாற்றினார். சட்டியையும் துருப்பிடிக்காத உருக்கில் புதிதாகச் செய்வித்தார். வெளிப்பூச்சை மட்டும் கீறல்களோடு அப்படியே விட்டுவிட்டார். அந்தக் கீறல் ஒவ்வொன்றும் யாரோ ஒரு பிள்ளையின் கை பட்டது என்பார்.

இப்போது அண்ணைக்கு ஒரு ஆசை. இந்தப் பெட்டியைப் புங்குடுதீவுக்கு அனுப்பி, ஊர்ப் பிள்ளைகள் பார்த்துப் படிக்கும்படி ஒரு இடத்தில் வைக்கவேண்டும். நாங்கள் இரண்டு பேரும் கிழமைக்கு ஒருமுறை தொலைபேசியில் இதைப் பற்றித்தான் பேசுகிறோம்.

உப்புக் காற்று முதல் பிரச்சினை. தகரத்தில் பூச்சுப் போன இடமெல்லாம் துருப்பிடிக்கும். மெழுகு பூசிக் காக்கவேண்டும். அடுத்தது மின்சாரம். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ற். இங்கே 230. ஏறத்தாழ இரண்டு மடங்குதானே என்று நினைக்கக்கூடாது. சூடாக்கும் கம்பியின் தடை மாறாது என்றால், வோல்ற் இரண்டு மடங்கானால் மின்னோட்டமும் இரண்டு மடங்காகும். சூடு நான்கு மடங்காகும். 120க்கும் 230க்கும் கணக்குப் பார்த்தால் 3.7 மடங்கு வரும். நேராகச் செருகினால் பொரிக்குப் பதில் புகைதான். ஆகவே 230ஐ 120 ஆக இறக்குகிற நிலைமாற்றி ஒன்று வேண்டும். இது கடையில் கிடைக்கும்.

ஆனால் நிலைமாற்றி மாற்றாத ஒன்று இருக்கிறது. மின்சாரம் ஒரு செக்கனில் எத்தனை தடவை முன்னும் பின்னும் அலைகிறது என்பதுதான் மீடிறன். கனடாவில் 60 தடவை, இலங்கையில் 50 தடவை. அண்ணையின் பெட்டிக்குள் நேரம் பார்க்கிற சின்ன மோட்டார் இந்த அலைகளை எண்ணித்தான் சுழல்கிறது. அலை குறைந்தால் அது மெதுவாகச் சுழலும். அங்கே 60 அலையை ஒரு செக்கன் என்று எண்ணப் பழகிய மோட்டார், இங்கே 60 அலை எண்ணி முடிக்க 1.2 செக்கன் எடுக்கும். ரொறன்ரோவில் 180 செக்கனில் கவிழ்ந்த சட்டி, புங்குடுதீவில் 216 செக்கன் கழித்துத்தான் கவிழும். 36 செக்கன் அதிகம். பொரி கருகுவதற்கு அது தாராளம்.

நான் அண்ணைக்கு இதைச் சொன்னபோது மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அப்ப நேர முள்ளை 150இலை வைப்பம்" என்றார். ஏன் 150 என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கணக்குச் சரிதான். ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை. மழைக்காலத்தில் மணி ஈரமாக இருக்கும். ஈரமான மணி சூடாக நேரம் எடுக்கும். மின்சாரம் குறைந்து வருகிற இரவில் கம்பி மெதுவாகச் சூடாகும். ஒவ்வொரு நாளும் சரியான நேரம் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போகும், மோட்டாருக்கு அது தெரியாது. இன்றைக்குக் கடையில் வாங்குகிற மைக்ரோவேவ் பொரிப் பைகளில்கூட, ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் இடையில் இரண்டு செக்கன் ஆனால் நிறுத்துங்கள் என்றுதான் அச்சிட்டிருக்கிறார்கள். கடைசியில் அவர்களும் ஆச்சி சொன்னதைத்தான் சொல்கிறார்கள்.

அதனால் அண்ணையிடம் சட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆளி பூட்டச் சொல்லியிருக்கிறேன். நேரம் முடியாவிட்டாலும் அதை அழுத்தினால் சட்டி கவிழ்ந்துவிடும். பெட்டி இங்கே வந்து சேர்ந்ததும், முதல் நாணயம் போடும்போது, அந்த ஆளியில் விரலை வைத்துக்கொண்டு தலையை ஒரு பக்கம் சாய்த்தபடி நிற்க நல்ல காதுள்ள ஒரு பிள்ளை வேண்டும்.